என் வில்லாளியைப் பிடுங்கியவர்

வசிய மந்திரத்துக்கும் ஒரு நியாயம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அவர் என் பகடையை எடுத்துத் தானே உருட்டிய நொடியில்தான்.

திருத்தணி ரயிலடிப் பக்கம் ஒரு செல்போன் கடை மாடியில், ஞாயிறுதோறும் நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் மாயாஜாலக் கதையாட்டத்தை அவர்தான் நடத்துவார். மொட்டைத் தலை, காய்ந்து உதிரும் சந்தனம், நாம் பேசி முடிக்கும் முன்பே தொடங்கிவிடும் சிரிப்பு.

அன்று கதையில் அவர் ஆட்டுவித்த சூனியக்காரி, என் பாத்திரமான வில்லாளியை வசியம் செய்தாள். வில்லாளி எங்கள் கூட்டத்து வைத்தியச்சியையே அம்பெய்து கொன்றுவிட்டதாக அவரே சொல்லி முடித்தார். வைத்தியச்சியாக ஒரு வருஷம் ஆடியவள் என் ஆர்.கே.பேட்டைத் தோழி.

"எல்லாத்தையும் நீயே ஆடிக்கோ நைனா," என்று எழுந்து போய்விட்டாள்.

"நான் எதுக்குங்க இங்க குந்திகினு இருக்கேன்?" என்றேன்.

"ஆங், வசியம்னா அப்படித்தாம்மா. வேடிக்கை பாரு."

"சூனியக்காரி ஏவட்டும். எப்படிச் செய்யறதுன்னு நான் சொல்றேன். வசியத்த உதறிட்டு வர ஒருவாட்டி பகடை உருட்டவும் விடுங்க."

"அப்புறம் நான் எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நிஜமாகவே பயந்து கேட்டாரோ என்னவோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை. வெறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

வரும் ஞாயிறு நான் நடத்துகிறேன். அவர் ஆட வருகிறார், தோழியும் வருகிறாள். அவருடைய வீரனை வசியம் செய்வேன். கட்டளையை மட்டும் சொல்லிவிட்டு, "உங்க ஆளு இப்ப என்ன பண்றான்?" என்று கேட்டுக் காத்திருப்பேன்.