உவர்நீரில் கழுவிய சென்சர்

செய்தி வந்தபோது புளியங்கூடலில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றேன். தண்ணீர் ஏற்றும் லொறியின், எங்கள் பவுசரின், குழாய் என் கையில். அதன் முனை ஒரு நீலப் பீப்பாய்க்குள். தொலைபேசியில் யோகண்ணையின் மனைவி வசந்தி அக்கா சொன்னார்: "தம்பி, இவர் போயிட்டார்." அவ்வளவுதான்.

பீப்பாய் நிரம்பியது. வழிந்தது. நல்ல தண்ணீர் மணலில் ஓடியது. வாளிகளுடன் வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். எங்கள் தீவில் நல்ல தண்ணீர் நிலத்தில் கொட்டினால் யாராவது கத்துவார்கள். அன்று யாரும் கத்தவில்லை. குழாயை மூட எனக்கும் தோன்றவில்லை.

யோகண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். படித்தவன் என்பதால். முன்பக்கங்களில் தேவாரமும் வம்சாவளியும் வரும். பிழையில்லாமல் வரும். பிழை இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவரை அறிந்த நீங்கள் இதை வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

நான்கு வருடம் அவருடன் அந்த லொறியில் போனேன். பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருந்த காலம். இன்னும் முடியாத காலம். அவர் ஓட்டினார். நான் குழாய் பிடித்தேன்.

தண்ணீர் வாங்கியவர்களுக்கு அவர் ஒரு சாரதி. லொறி வைத்திருந்தவர்களுக்கு அவர் வேறு ஆள். இழுவை குறைந்த லொறிகளை ஊர்காவற்றுறையிலிருந்தும் வேலணையிலிருந்தும் அவரிடம் கொண்டு வருவார்கள். இஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழாயில் விரலளவு சென்சர் ஒன்று இருக்கிறது. அதற்குள் மயிரளவு கம்பி. எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு சூடாக வருகிறது என்று அது லொறியின் கம்பியூட்டருக்குச் சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் டீசல் போகிறது. எங்கள் லொறியில் அந்தக் குழாய் இஞ்சின் சூட்டுக்குள் இருந்தது. யோகண்ணை அதை வெட்டி, நீட்டி, சென்சரையும் இடம் மாற்றி, சாரதியின் கதவுக்குப் பின்னால் உயரத்தில் வாய் வைத்தார். கடல் தெறிக்காத உயரம். தூசிக்கு வசந்தி அக்காவின் பழைய நைலெக்ஸ் சேலையில் ஒரு துண்டு. அதன் பிறகு முழுப் பாரத்துடன், எதிர்க்காற்றில், கியர் குறைக்காமல், தீவிலிருந்து கடல் நடுவே பட்டினத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்தைக் கடந்தோம்.

ஒருநாள் கல் ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் சின்னப் பொட்டலத்துடன் வந்தார்.

"அண்ணை, இதைச் சென்சர் வயருக்குள்ள போட்டால் இழுவை கூடுமாம். வீடியோவில பாத்தனான்."

"என்ன செய்யும் உது?"

"காத்துக் குளிராக் கிடக்குது எண்டு சொல்லுமாம். அப்ப டீசல் கூடப் போகுமாம்."

"சாட்டிக் கடற்கரை வெயிலில மத்தியானம் நிண்டுகொண்டு குளிருது எண்டு சொன்னால் உம்மட மனிசி நம்புவாவோ?"

"மனிசி நம்பாது அண்ணை. லொறி நம்பும்."

எல்லோரும் சிரித்தோம். யோகண்ணைதான் கடைசிவரை சிரித்தார். பிறகு பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஓம், நம்பும். அதுதான் எனக்குப் பயம். அது பாவம், சொன்னதெல்லாத்தையும் நம்பும். குளிர்ந்த காத்து வேணுமெண்டால் குளிர்ந்த இடத்தில இருந்து எடும். பொய் சொல்லி எடுக்காதையும்."

சென்சரைத் தொட அவர் என்னை விட்டதில்லை. பட்டினத்திலிருந்து வாங்கிய ஸ்பிரே ரின்னால் வாரம் ஒருமுறை தானே அடித்துக் காயவைப்பார். நான் கிட்டப் போனால், "நீர் குழாயைப் பிடியும். நீர் யோசிக்கிற ஆள். யோசிக்கிற ஆக்களுக்குக் கை நடுங்கும்" என்பார். எனக்குக் கோபம் வரும். உண்மை என்பதால்.

அவர் போவதற்கு முதல் நாள் எங்கள் லொறியின் இழுவை குறைந்திருந்தது. பாதித் தண்ணீர் கொடுத்திருந்தோம். யோகண்ணை ஒரு பூவரச நிழலில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்தார். "களைக்குது" என்றார். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு இன்னொன்று சொன்னார், அதையும் முன்பு கேட்டதில்லை: "இண்டைக்கு நீர் அந்தச் சென்சரைக் கழட்டித் துப்பரவாக்கும்."

ஸ்பிரே ரின் வெறுமையாக இருந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். சொன்னால் எழும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அல்லது, அந்த வேலை என் கையை விட்டுப் போய்விடும் என்று. இரண்டில் எது என்று இப்போது தெரியவில்லை.

எங்களுக்கு இரண்டு தண்ணீர். நல்ல தண்ணீர் குடிக்க, சமைக்க. கிணற்று உவர்நீர் மற்ற எல்லாவற்றுக்கும். உடம்பு, உடுப்பு, பாத்திரம், லொறிச் சில்லு. என் முதுகுக்குப் பின்னால் பவுசரில் அரைவாசி நல்ல தண்ணீர் நின்றது. நான் கிணற்றில் வாளி போட்டேன். யோசிக்கவேயில்லை. யோசிக்கிற ஆள். நல்ல தண்ணீரில் எதையும் கழுவி இந்தக் கைக்குப் பழக்கமில்லை.

சென்சரை வாளிக்குள் அலசினேன். வெயிலில் காயவைத்தேன். பூட்டினேன். பளிச்சென்று இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுத வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சைப் பிடித்தார். அம்புலன்சுக்குப் போன் எடுத்தோம். தூரத்தில் நிற்கிறது என்றார்கள். ஓட்டோ பார்க்கப் போனவரைக் காணவில்லை. "பாத்துக்கொண்டிருக்க ஏலாது. லொறியை எடும். நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போவம்" என்றார் யோகண்ணை. எடுத்தேன்.

பண்ணையில் ஏறியதும் இழுவை செத்தது. காலை அடிமட்டும் அழுத்தினேன். ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. அதில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கடல். பக்கத்து இருக்கையில் அவர் மூச்சை எண்ணி எண்ணி விடுவது போல விட்டார்.

"தண்ணியைத் திறந்து விடட்டோ அண்ணை? பாரம் குறையும்."

"வேண்டாம். சனம் காத்துக்கொண்டு நிக்குது."

"அண்ணை!"

"வேண்டாம் எண்டனான்."

கண்ணை மூடி இஞ்சினைக் கேட்டார்.

"என்னத்தால கழுவினீர்?"

"கிணத்துத் தண்ணியால."

அவர் திட்டியிருக்கலாம். மெதுவாக, "இறங்கிச் சென்சர் பிளக்கைக் கழட்டும். உப்புப் பிடிச்சால் அது காத்து இல்லை எண்டுதான் சொல்லும். ஒண்டுமே சொல்லாட்டில் லொறி தன்ர பாட்டில ஒரு கணக்கில ஓடும்" என்றார்.

நிறுத்தினேன். இறங்கினேன். கழற்றினேன். லொறி ஓடியது.

எத்தனை நிமிடம் போனது? மணி பார்க்கவில்லை. பிறகு அந்தத் தூரத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் வேறு வேறு நேரம் வந்தது. அந்த நிமிடங்கள் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தார். "மிச்சத் தண்ணியைக் குடுத்திட்டு வாரும்." அதனால்தான் அடுத்த நாள் காலையில் நான் புளியங்கூடலில் நின்றேன்.

இதை எழுதுமுன் வசந்தி அக்காவிடம் போனேன். குசினிக் கதிரையில் இருந்தார்.

"அக்கா, சென்சரைக் கழுவினது நான்தான். சவர்த் தண்ணியில."

"தெரியும். இவர் வார்ட்டில சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"'அவனுக்குச் சொல்லு, நல்ல தண்ணியில கழுவியிருந்தாலும் பிழைதான். அதைத் தண்ணியால கழுவிறேல்லை' எண்டு."

"வேற?"

"வேற என்ன? சாகக் கிடக்கிற மனிசன் பிள்ளையளைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சென்சரைப் பற்றிச் சொன்னார்." சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்காதை தம்பி. உன்னைத் திட்டவும் எனக்கு ஏலாது, பரவாயில்லை எண்டு சொல்லவும் ஏலாது. லொறித் திறப்பு ஆணியில கிடக்குது. எடுத்துக்கொண்டு போ. சனம் காத்துக்கொண்டு நிக்கும்."

இப்போது நான் ஓட்டுகிறேன். புதிய சென்சர் போட்டாயிற்று. சேலைத் துண்டு அதே துண்டுதான். லொறி அவர் வைத்தது போலவே இழுக்கிறது. பண்ணையில் ஏறும்போது மட்டும் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் ஓட்டுவேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பழைய சென்சர். மேசையில் வைத்திருக்கிறேன். உப்பைத் துடைக்கவில்லை. கம்பியில் வெள்ளையாக, கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால்தான் தெரியும் அளவு. அன்று அது காற்று இல்லை என்று சொன்னது. லொறி நம்பியது. நான் பிளக்கைக் கழற்ற இறங்கியபோது கதவைத் தோளால் தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. பண்ணையில் அவ்வளவு காற்று.