சுகம் கேட்கிற இடத்தில் அவள் பெயர்

சேரின் இடது கையில் பதிந்திருந்த அடையாளத்தைத்தான் முதலில் கண்டேன். உரும்பிராய்க்குப் பக்கத்தில் எங்கள் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கி, தமிழ் ஆராய வந்த யூதர் அவர்; நான் 'சேர்' என்றே கூப்பிடுவேன். காலையில் என் ஓட்டோவில் ஏறும்போது முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை வளையம் வளையமாகச் சிவந்திருக்கும். ஏதும் தோல் வருத்தமோ, எனக்கும் தொற்றிவிடுமோ என்று சில நாள் பயந்து திரிந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எதற்கும் பயந்துதான் பழக்கம். கடைசியில் கேட்டேவிட்டேன். காலைப் பிரார்த்தனைக்குக் கட்டுகிற தோல்வாரின் தடம் என்றார்.

காலை, பின்னேரம், இரவு என்று தினமும் மூன்று தரம். உரும்பிராய்த் தோட்டக்காரரிடம் சொல் சேகரிக்கப் போனாலும், பின்னேரமானால் வாழைகளுக்கு நடுவே எருசலேமின் திசை பார்த்துக் கால்களைச் சேர்த்து நின்றுவிடுவார். உதடு அசையும், சத்தம் வராது. முந்தி அங்கே ஒரு கோயில் இருந்ததாம். அதை இடித்த பிறகு, அங்கே கொடுத்த பலிக்குப் பதிலாக இந்தச் சொற்கள்தானாம்.

அந்த நாள்களில் என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியே ஓய்ந்துபோனேன். கோயில் கோயிலாக அர்ச்சனை செய்தும் மனம் அடங்கவில்லை. ஒருநாள், "சேர், என்ரை மனிசிக்கும் ஒருக்காக் கேளுங்கோவன்" என்று பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். நட்சத்திரம் வேண்டாம், அவளுடைய தாயின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். 'எங்களைச் சுகப்படுத்து' என்று ஓர் இடம் வருமாம். அங்கே நோயாளியின் பெயரைத் தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்களாம்.

"வெள்ளைக்காரன்ரை வாயிலை என்ரை பேர் நுழையுமோ?" என்று மனைவி சிரித்தாள். ஆனாலும் பின்னேரமானால், "இப்ப என்ரை பேர் சொல்லுற நேரம்" என்று மணிக்கூட்டைப் பார்ப்பாள்.

அதன் பிறகு சேரை நான் நிம்மதியாக இருக்க விடவில்லை. சொன்னாரா, மறந்தாரா, பலிக்குமா என்று ஒரே கேள்வி. ஒருநாள் அலுத்துப்போய்த் தன் புத்தகத் தமிழில் சொன்னார்: "பலிக்குமா என்று நான் அறியேன். பல நாள் களைப்பு; வாய் மட்டும் சொல்லும். களைத்த நாளில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டதுண்டா?"

நான் ஓட்டோவை எடுத்தேன்.

பிறகு அவர் தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். போன ஆவணியில் மனைவி போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு அவள் அம்மா; முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு ஐயரும் அவள் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு தேவையும் இல்லை.

இடைக்கிடை சேர் தொலைபேசி எடுப்பார். ஒவ்வொரு தரமும் சொல்லிவிடத்தான் நினைக்கிறேன். சொன்னால், சுகம் கேட்கிற இடத்திலிருந்து அவளை எடுத்துவிடுவார்.

நேற்றும் தொலைபேசி எடுத்தார். "இன்று காலையும் அவர் பெயரைச் சொன்னேன். எப்படி இருக்கிறார்?"

"இருக்கிறா, சேர்" என்றேன்.