அண்ணை காய்ச்சிய சீனக் கசாயம்

எங்கள் மகள் ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளை. ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, தாய்க்கு ஒரு நேரம், தகப்பனுக்கு ஒரு நேரம் என்று வெறும் நெஞ்சில் வைப்பார்கள். ஆனால் இருமிக்கொண்டு போனால் வார்டு வாசலோடு திரும்ப வேண்டியதுதான். எனக்கோ குளிர் தொடங்கினால் முட்டு என்கிற ஆஸ்துமாவும் இருமலும் பங்குனி வரை கூடவே குடித்தனம் நடத்தும்.

இந்தக் கவலை என்னைவிட அண்ணையைத்தான் பிடித்து ஆட்டியது. அவர் மினிகேப் ஓட்டுகிறவர், கலியாணம் கட்டாதவர், மிச்சம் என்கிற இந்த ஊரில் எங்களோடுதான் இருக்கிறார். காரில் ஏறிய யாரோ சொன்னதைக் கேட்டு, ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலுள்ள சீன மருந்துக் கடையிலிருந்து கடதாசிப் பொட்டலங்களோடு வந்தார்.

"காத்துக்குத் திரை கட்டுற மருந்தாம், தம்பி. வருத்தம் வரமுந்திக் குடிக்கவேணுமாம்."

உள்ளே மஞ்சள் வேர்ச் சீவல்கள், காய்ந்த தோடம்பழத் தோல், தெரிந்த முகமாய் அதிமதுரம். இன்ஹேலரை விடக்கூடாது, டொக்டரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று கடைக்காரப் பெண்மணி கண்டிப்பாகச் சொன்னாராம். டொக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம்.

கொதிக்கிற தண்ணீரைக் கண்டால் ரசம் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். முதல் நாள் அண்ணை இறக்குகிறபோது கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்துக் கொட்டிவிட்டார். இருமலைத் தடுக்க வந்த மருந்தைக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வர இருமினேன். "வாசமா இருக்கட்டும் எண்டுதான்" என்று தலையைச் சொறிந்தார்.

அதன்பிறகு தாளிதம் இல்லை. காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை, கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி.

"கைக்குது அண்ணை, ஏலாது."

"குடி. குடிச்சிட்டுக் கவிட்டுக் காட்டு."

அடியில் ஒரு சொட்டு நின்றாலும் விடமாட்டார். நாற்பது வயதில் எனக்கு இது தேவையா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே கவிழ்த்துக் காட்டுவேன்.

அந்தக் குளிரில் எனக்கு இருமல் வரவில்லை. மருந்தோ, தடுப்பூசியோ, அண்ணையின் பிடிவாதமோ, எது காப்பாற்றியது என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. ஒருநாள் தவறாமல் என் பிள்ளையை நெஞ்சில் வைத்திருந்தேன். அந்தச் சின்ன மூச்சு என் தோலில் படுகிறபோது அழுகை வரும், அழுதேன். தாய் தகப்பனைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடாததால், அண்ணை அவளைப் போனில் மட்டும் பார்த்தார்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவருகிற வாரம் பார்த்து அண்ணைக்கு இருமல் பிடித்தது. தானாகவே மேல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் வீடு வந்தபோதும் கதவு திறக்கவில்லை.

நான் மருந்துக் கடைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்மணி நெற்றியைச் சுருக்கினார். இரண்டு பேருக்குத்தானே அளந்து கொடுத்தேன், ஆளுக்கு ஒரு கோப்பை, உன் அண்ணன் குடிக்கவில்லையா என்று கேட்டார்.

நான் குடித்தது நாளுக்கு இரண்டு கோப்பை. அந்த மாலைக் கோப்பை அண்ணையுடையது.

வீட்டுக்கு வந்து நானே காய்ச்சினேன். மேலே கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"உங்கட பங்கையும் ஏன் எனக்குத் தந்தனீங்கள்?"

"பிள்ளையைத் தூக்கப்போறவன் நீ. நான் சும்மா காருக்கை இருக்கிறவன்தானே." இருமல் வந்து பேச்சை மறித்தது.

கீழே போய் மகளைத் தூக்கி வந்து படிக்கட்டின் அடியில் நின்றேன். அண்ணை கதவைத் திறந்து, வாசலிலேயே நின்று அவளைப் பார்த்தார். நேரில் முதல்தடவை. பனங்கட்டியைத் தொடாமல் ஒரே மூச்சில் குடித்தார். நான் ஒன்றும் கேட்காமலே கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"முடிச்சிட்டன்" என்றார். "பிள்ளையை எப்ப தருவாய்?"