சொந்தக்காரர் இல்லாத மூன்று நகரங்கள்

அமெரிக்காவில் எந்தெந்த நகரங்களுக்குப் போவது என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. தொண்ணூறுகளின் தொடக்கம்; லண்டனில், மோர்டன் பக்கம் இருந்தோம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை ஷிப்ட் முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போவேன். பயணப் புத்தகங்களை விரித்து, ஒரு கொப்பியில் கட்டம் போட்டு எழுதுவேன். நூதனசாலை, நாடகக் கொட்டகை, புத்தகக் கடை, சரித்திரம். ஐந்தாவது கட்டம் என் புருஷனின் சொந்தக்காரருக்கு. அதில் ஒரு பெயர் விழுந்தாலும் அந்த நகரம் வெட்டுப்படும். நியூயோர்க் முதல் நாளே போயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் அவருடைய மச்சான் இருந்தார். வாஷிங்டனில் நூதனசாலைகள் பலவும் இலவசம் என்று வாசித்துத் துள்ளிய அதே கிழமை, அங்கே அவருடைய பெரியம்மாவின் மகன் வீடு வாங்கிய செய்தி வந்தது. முகமே தெரியாத அந்த மனிதனை மனதாரச் சபித்தேன். மிஞ்சியவை போஸ்டன், பிலடெல்பியா, சிக்காகோ.

எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. கனடா போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்த வீட்டில் எத்தனை கறி வைத்தார்கள் என்றுதான் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் என்றால் சோறு தண்ணி மறக்கிறவள். தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிச் இங்கிலாந்தோடு சண்டை தொடங்கிய போஸ்டனை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

என் புருஷன் அடிப்பார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கறியில் உப்புக் கூடினால் அடி, பஸ் பிந்தினால் அடி. லண்டனில் ஒரு நூதனசாலைக்குப் போய் வந்ததை ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அங்கே யாரைச் சந்திக்கப் போனாய் என்று கேட்டுக் கேட்டு பெல்ட்டால் விளாசினார். ஒரு பெண் பழைய கல்லைப் பார்க்கத் தனியே போவாள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. தொலைபேசியில் மாமியார், அடியாத மாடு படியாது என்று அவருக்குப் புத்தி சொல்வார். நான் மாடும் இல்லை, படியவும் இல்லை.

எனவே அவரிடம் சொல்லாமலே டிக்கெட் எடுத்தேன். மூன்று கிழமை, தனியே. பாஸ்போர்ட்டை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். இது குழம்பினால் இனி ஒருநாளும் அந்த வீட்டை விட்டு வெளியேற மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அப்படி இருந்தும் ஒரு பிழை விட்டேன். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் பிரசாதம் வாங்க நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒரு அக்காவிடம் பிலடெல்பியா என்ற பெயரைச் சொல்லிவிட்டேன். அவருடைய மகள் அங்கேதான் இருந்தாள். உடனே ஒரு பார்சல் தரட்டுமா என்று கேட்டார். வெளிநாட்டுக்குப் போகிறவரிடம் பார்சல் கொடுக்காமல் இருக்கவும் எங்களுக்குத் தெரியாது, வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது. நான் தலையாட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கே கொண்டு வரும்படி படித்துப் படித்துச் சொன்னேன். அவரோ எனக்கு வீண் அலைச்சல் எதற்கு என்று, நான் வேலையில் இருந்த நேரம் மோர்டன் வீட்டுக்கே கொண்டுபோய், என் புருஷனின் கையில் கொடுத்துவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி தேடிப் பிரயோசனம் இல்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறை நிலமெல்லாம் அரிசி. மேசையில் அந்தப் பார்சல். அவர் கையில் என் பாஸ்போர்ட்.

"பிலடெல்பியாவிலை உனக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதாலைதான் போறன்."

முதல் அடியில் என் உதடு கிழிந்தது. தலைமயிரைப் பிடித்து அலுமாரிக் கதவில் மோதினார். காதுக்குள் ஒரே இரைச்சல். விழுந்த என்னை விலாவில் உதைத்துவிட்டு, காஸ் அடுப்பைப் பற்ற வைத்து, பாஸ்போர்ட்டை நெருப்புக்குக் கொண்டு போனார். நான் எழும்பினேன். கைக்குப் பட்டது அந்தப் பார்சல். இரண்டு கையாலும் தூக்கி அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். உறை வெடித்தது. உள்ளே இருந்தது வறுத்து அரைத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்.

அவர் கண்களைப் பொத்திக்கொண்டு விழுந்து புரண்டார். தண்ணி, தண்ணி என்று அலறினார். நான் இருமி இருமி அடுப்பை அணைத்தேன், பாஸ்போர்ட்டை எடுத்தேன். உடனே தண்ணீர் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு பார்சல் இருந்திருந்தால் அதையும் எடுத்திருப்பேன். எனக்கு அது நன்றாக இருந்தது.

பிறகு கழுத்தைப் பிடித்துக் குழாய்க்குக் கீழே தலையை அமுக்கினேன். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல், சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த மனிதனை ஒருநாள் நான் பயமில்லாமல் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. எங்கெங்கே போகிறேன் என்று மெல்லக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு நகரத்திலும் என்ன பார்க்கப் போகிறேன், எந்தெந்தத் தெருவில் புத்தகக் கடை இருக்கிறது, எல்லாம் சொன்னேன். கல்யாணமாகி எட்டு வருடத்தில் நான் பேசியதை அவர் இடைமறிக்காமல் கேட்டது அன்றுதான்.

"நானும் வரட்டோ?"

"ஏலாது," என்றேன். "இனி கை வைச்சால், நான் குழாயைத் திறக்க மாட்டன்."

அவர் கை அசையவில்லை. நான் மேலே போய் உடுப்பை அடுக்கினேன்.

போஸ்டனில் முதல் நாள், விலாவைப் பிடித்தபடி, ஒரு நூதனசாலையில் மூடும்வரை சுற்றினேன். யாரும் என்னைத் தேடவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து படியில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, என் மேலேயே வந்த ஆத்திரத்தில். இவ்வளவு சுலபமான ஒன்றுக்காக இரண்டு வருடம் கட்டம் போட்டேனே, ஐந்தாவது கட்டத்தில் முதல் எழுதி வெட்டியிருக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டேனே என்று அழுதேன். மூன்று கிழமை கழித்து லண்டனுக்குத் திரும்பியபோது, மோர்டன் வீட்டுக்குப் போகாமல், தோர்ண்டன் ஹீத்தில் எனக்கென்று ஒரு அறை எடுத்தேன்.