இடம் மாறிய இரண்டு எண்கள்

எண்பதுகளின் கடைசியில் ஒரு பொங்கல் சமயத்தில் நடந்தது இது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பீர்க்கன்கரணையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாளிலிருந்து பொங்கல் விடுமுறை. புதன்கிழமைதான் கோர்ட் திறக்கும். எல்லோருக்கும் ஊருக்குப் போகும் அவசரம். எனக்கும்தான். காலையிலேயே பெட்டியைக் கட்டி மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன்.

அன்று கடைசியாக வந்த வேலை ஒரு ரிலீஸ் ஆர்டர். முடிச்சூரில் புதிதாக வீடு கட்டும் இடத்தில் கம்பி திருடியதாக ஒரு கொத்தனாரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஜாமீன்தாரர்கள் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவரை விடுவிக்கச் சொல்லி ஜெயிலுக்கு ஓர் உத்தரவு போக வேண்டும். அதை நான்தான் அடித்தேன். ஐந்து நிமிட வேலை. அடித்து, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அதை எடுத்துக்கொண்டு போன ஊழியரும் ஜெயில் வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

ஊரில் பொங்கல் நன்றாகவே போனது. அக்கா பிள்ளைகளோடு கரும்பு கடித்துக்கொண்டு நான்கு நாளும் கோர்ட் ஞாபகமே இல்லை.

புதன்கிழமை காலை வந்தபோது வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"யக்கா, நேத்தும் வந்தேன், முந்தாநேத்தும் வந்தேன். பூட்டு தொங்கிகினு கீது. எங்க வூட்டுக்காரரை வுடவே இல்லக்கா."

அந்தக் கொத்தனாரின் மனைவி. சனிக்கிழமை காலையிலேயே ஜெயில் வாசலுக்குப் போய் நின்றிருக்கிறாள். "உங்க ஆர்டர் சரியில்ல, கோர்ட்டுல போய்க் கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்கு வந்தால் பூட்டு. வக்கீலும் ஊருக்குப் போய்விட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் இங்கும் அங்குமாக அலைந்திருக்கிறாள். பையில் அவருக்கான துவைத்த சட்டையும் வேட்டியும் இருந்தன. வெளியே வரும்போது மாற்றிக்கொள்ளட்டும் என்று தினமும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"இன்னா தப்புன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்க கொஞ்சம் பாத்து சொல்லுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

உள்ளே போய், நான்கு நாள் சேர்ந்திருந்த தபாலைப் பிரித்துத் தேடினேன். ஜெயிலிலிருந்து ஓர் உறை வந்திருந்தது. நான் அடித்த உத்தரவையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு மையில், குற்ற எண் பொருந்தவில்லை என்று ஒரு குறிப்பு.

கேஸ் கட்டை எடுத்துப் பார்த்தேன். குற்ற எண் 17. நான் அடித்திருந்தது 71. காகிதத்தின் கீழே இடது மூலையில், அடித்தவர் என்பதற்கு அடையாளமாக என் முதல் எழுத்துகள்.

 ஜெயில்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. எண் பொருந்தாமல் ஆளை விட்டால் அவர்கள் வேலை போய்விடும். சட்டப்படி வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மனிதர், நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதால் உள்ளே இருந்தார்.

பக்கத்து மேஜையில் சீனியர் கிளார்க். நல்ல மனுஷர்தான், எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்கு ஏம்மா முழிக்கிற? வேற ஒண்ணு அடி. மத்தியானம் மாஜிஸ்திரேட் மேடம் கையெழுத்துப் போடற கட்டுல நடுவுல வெச்சுடு. அவங்க படிச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க. சாயங்காலம் தபால்ல போட்டுடலாம், வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்துடும். நீ இன்னும் பர்மனென்ட் ஆகல, ஞாபகம் வெச்சுக்கோ."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. புதுக் காகிதத்தை மெஷினில் செருகிவிட்டேன். தலைப்பு வரை அடித்தும் விட்டேன். அப்போது ஜன்னல் வழியாக அந்தப் பெண் தெரிந்தாள். நான் உள்ளே போய்த் தேடுகிறேன் என்பதிலேயே அவளுக்கு நிம்மதி வந்துவிட்டது போல. பையிலிருந்த சட்டையை எடுத்து உதறி, சுருக்கம் போகக் கையால் நீவி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கே அவர் அதைப் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துதானே மடிக்கிறாள்? வெள்ளிக்கிழமை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மெஷினிலிருந்து காகிதத்தை உருவிப் போட்டுவிட்டு, திரும்பி வந்த உத்தரவையும் கேஸ் கட்டையும் எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் அறைக்குப் போனேன். அவர் மிகவும் கண்டிப்பானவர். அந்த அறைக்குள் தனியாகப் போனதே அதுதான் முதல் தடவை.  இரண்டையும் மேஜையில் வைத்து, "மேடம், நம்பரை மாத்தி அடிச்சுட்டேன். நான்தான் அடிச்சேன்" என்றேன்.

திட்டு விழும் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"அப்போ அந்த ஆள் இன்னும் உள்ளதான் இருக்காரா?"

"ஆமாம் மேடம்."

"அஞ்சு நாளாவா?"

தலையை ஆட்டினேன். கோர்ட் ஹாலில் ஆட்கள் காத்திருந்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் அவர் அங்கேயே புது உத்தரவைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். அடித்துக்கொண்டு போனதும் எண்ணை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். "தபால்ல வேண்டாம். கையில குடுத்து அனுப்புங்க" என்றார். எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஊழியர் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. நான் போகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டியவர், நான் கதவருகே போனபோது, "நாளைக்கு உங்களுக்கு மெமோ வரும். பதில் எழுதித் தரணும்" என்றார்.

நானும் அந்தப் பெண்ணும் கிளம்பும்போது மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது. சாயங்காலம் கைதிகளை எண்ணிப் பூட்டிவிட்டால் அப்புறம் மறுநாள்தான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். பல்லாவரம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டி சிக்னலைப் பார்த்தாள். நான் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் அவளிடம் சொன்னேன், தப்பு என்னுடையது என்று.

அவள் என் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். "அதான் நீயே தூக்கிகினு வர்றியாக்கா?" என்றாள்.  வண்டி நகர்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது.

ஜெயில் வாசலை அடைந்தபோது ஐந்து மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அங்கிருந்த எழுத்தர் என் காகிதத்தையும் தன் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் பார்த்தார். முடித்ததும், "இப்போ சரியா இருக்கு, கூப்பிடுங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்தது. ஒல்லியான ஒரு மனிதர் குனிந்து வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவள் பையை நீட்டினாள். மரத்தடியில் நின்று சட்டையை மாற்றிக்கொண்டார்.

அவரிடமும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஜாமீன் வந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னான், இல்லன்னு ஒருத்தன் சொன்னான். இவ பணம் கட்ட முடியாம வுட்டுட்டுப் பூட்டான்னு ஒருத்தன் சொன்னான். உள்ள கெடக்கறது கூட பரவால்லம்மா. எதுக்குக் கெடக்கறோம்னு தெரியாம கெடந்தேன் பாரு, அதான் பேஜாராப் போச்சு. இப்ப நீ வந்து சொல்லிட்ட. தெரிஞ்சு போச்சு. வுடு."

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே பெட்டியில் வந்தோம். வேர்க்கடலை வாங்கி எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். வீட்டில் இன்னும் பொங்கலே வைக்கவில்லை, இன்றைக்குத்தான் பானை ஏறும் என்று அவள் சொல்லிச் சிரித்தாள். அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வழியில் கட்டிக்கொண்டிருந்த வீடுகளை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சுவரைக் காட்டி, "கோணலா ஏத்தினு கீறான்" என்றார். அன்றைக்கு நானும் அப்போதுதான் சிரித்தேன்.

மறுநாள் மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். வேலை நிரந்தரம் ஆவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்தக் கொத்தனாரின் கேஸ் மறு வருஷம் முடிந்தது. கம்பியை எடுத்தது வேறு ஆள்; அவர் விடுதலை ஆனார். அந்தத் தீர்ப்பை அடித்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு பணியில் இருந்த வரை, எந்த ரிலீஸ் ஆர்டரையும் வாசலில் நிற்கும் குடும்பத்தாரைக் கூப்பிட்டு, பெயர், அப்பா பெயர், எண் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. தாமதமானால் ஏன் தாமதம் என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன். நிறைய பேர் கேலி செய்தார்கள். போகட்டும்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் பண்டிகைகளுக்கு முன்னால், எல்லோரும் மூட்டை முடிச்சோடு ஊருக்கு ஓடும் சாயங்காலங்களில், இன்று வெளியே வர வேண்டிய யாரோ ஒருவரின் காகிதம் எங்கோ ஒரு மேஜையில் இருக்குமே என்று நினைத்துக்கொள்வேன்; அந்த மேஜையில் இருப்பவர் இன்றைக்கு அவசரப்படாமல் இருக்க வேண்டும் என்று மனசு தானாக வேண்டிக்கொள்கிறது.