ஞாயிற்றுக்கிழமைக்காகச் சென்ற தூது

மலாய் நாடு விடுதலை பெற்ற புதிதில், காஜா பேராங் சாலையோரம் மூன்று நாற்காலிகள் போட்ட ஒரு முடிவெட்டும் கடையில் நான் தொழில் செய்தேன். பகலில் கத்தி, மாலையில் மேடை. எங்கள் வட்டாரத்து வாசகசாலையின் பட்டிமன்றங்களில் என் அணி தோற்றதாக எனக்கு நினைவில்லை. தோற்றிருந்தால் நடுவர் தவறியிருப்பார்.

அப்போது எல்லாக் கடைகளையும் ஞாயிற்றுக்கிழமை மூட வேண்டும் என்றொரு விதியை மாநில மன்றம் ஆராய்ந்து வருவதாகச் செய்தி பரவியது. ஊழியர்களுக்கு ஓய்வளிப்பதே நோக்கமாம். நல்ல நோக்கம்தான். ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் பட்டணத்துக்கு முடிவெட்ட வருவதே அந்த ஒரு நாளில்தான். ஞாயிறு போனால் கடையில் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார், நாங்கள் அண்ணன் என்று அழைத்த கடை முதலாளி. அவற்றுள் ஒன்று என்னுடையது.

ஆகவே மன்ற உறுப்பினர்கள் இருவரைப் பண்டார் ஹிலிரில் இருந்த அலுவலகத்தில் சந்திக்க அனுமதி பெற்றோம். பேசும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டே அண்ணன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, சுருக்கமா சொல்லிடுப்பா. அவங்களுக்கு ஆயிரம் வேல."

பொருளுக்கேற்ற அளவில் பேசுவேன் என்று வாக்களித்தேன்.

உறுப்பினர்களுள் ஒருவர் மலாய்க்காரர், மற்றவர் தமிழர். நான் தமிழில் பேசப் பேச, தமிழர் அதை மலாயில் எடுத்துச் சொல்வதென ஏற்பாடு. எங்களுக்குப் பத்து நிமிடம் என்றார்கள். அவை வணக்கத்தை வழக்கத்தைவிடச் சுருக்கியே சொன்னேன். இருந்தும் மொழிபெயர்ப்பில் அது சற்று நீண்டுவிட்டது.

பின்னர் பொருளுக்குள் புகுந்தேன். எங்கள் பட்டிமன்றத்தில் பயின்றவர்களுக்கு ஒரு முறை உண்டு. எதிரணியின் வாதத்தை எதிரணியினரே வியக்கும்படி முதலில் எடுத்துரைக்க வேண்டும். அதன் பிறகே அதைத் தகர்க்க வேண்டும். உயரக் கட்டினால்தான் விழும்போது ஓசை பெரிதாகக் கேட்கும். எனவே ஞாயிறு விடுமுறை ஏன் வேண்டும் என்று தொடங்கினேன். விடியலிலிருந்து நின்றே உழைக்கும் தொழிலாளியின் கால் நரம்புகள் முடிச்சிட்டுக் கிடப்பதைச் சொன்னேன். ஊரே கடற்கரையில் காற்று வாங்கும் வேளையில், அவன் பிறருடைய மோவாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். அவன் புறப்படும்போதும் திரும்பும்போதும் உறங்கிக் கிடக்கும் குழந்தை, தந்தையின் முகத்தையே அறியாமல் வளர்வதைச் சொன்னபோது என் குரல் தானாகவே தழுதழுத்தது.

மலாய் உறுப்பினர் "பெத்தூல், பெத்தூல்" என்று தலையசைத்து ஆமோதித்தார். மொழிபெயர்த்தவரும் இடையே நிறுத்தித் தொண்டையைச் செருமிக்கொண்டார். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பக்கத்துக்காக வந்தோம் என்பதையே மறந்து, அவரும் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டடம் எழும்பி முடிந்தது. அதைத் தகர்ப்பதற்காக வலக்கையை உயர்த்தி "ஆனால்" என்றேன். அப்போது கதவைத் திறந்த பணியாள், அடுத்த குழு வந்துவிட்டதாக அறிவித்தார். மலாய் உறுப்பினர் எழுந்து வந்து என் இரு கைகளையும் பற்றினார். இவ்வளவு துன்பம் தமக்குத் தெரியாமல் போயிற்று என்றும், ஞாயிறன்று முடிவெட்டும் கடை ஒன்றுகூடத் திறக்காதபடி தாமே பார்த்துக்கொள்வதாகவும் உறுதியளித்தார்.

வெளியே வந்து சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டே அண்ணன் சொன்னார்.

"நல்லாத்தான் பேசினப்பா. நம்ம கடையே வேணாம்னு எனக்கே தோணிப்போச்சு."

உரையின் முற்பகுதியை மட்டும் வைத்து மதிப்பிடுவது முறையாகாது என்றேன். பிற்பகுதியை எங்கே போய்ப் பேசுவாய் என்று கேட்டார்.

விடை அடுத்து வந்த ஞாயிறு காலையிலேயே கடைக்குள் நுழைந்தது. தமிழ் உறுப்பினர் வாரந்தோறும் எங்களிடம் சவரம் செய்துகொள்பவர். கடையிலேயே அவரிடம் சொல்லிவிடலாம் என்று அண்ணன் முதலில் கருதியதுண்டு. உரிமைக் கோரிக்கையைச் சோப்பு நுரைக்கு நடுவே வைப்பது தொழிலுக்கு இழுக்கு என்று நான்தான் மறுத்திருந்தேன். இப்போது அண்ணன் தம் கத்தியைத் தோல்வாரில் நாலு முறை தீட்டி, என் கையில் கொடுத்தார்.

உறுப்பினரின் முகம் நுரையால் மூடியதும், "ஆனால், ஐயா" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அவர் ஏதோ சொல்ல முயன்றார். கத்தி தொண்டையருகே இருந்ததால் அம்முயற்சியைக் கைவிட்டார். அத்தனை அமைதியான அவை எனக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்த்ததில்லை. தோட்டத்திலிருந்து வருபவர்களைப் பற்றிச் சொன்னேன். போகவிருக்கும் இரண்டு நாற்காலிகளைப் பற்றிச் சொன்னேன். முடிவுரைக்காக இடக் கன்னத்தை இரண்டாம் முறையும் மழிக்க நேர்ந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"சரிப்பா, ஒத்துக்கிறேன். அப்ப நின்னு நின்னு கால் போன ஆளுக்கு லீவு எப்ப? அதையும் நீதான சொன்ன?"

அதற்கு நான் குறிப்பெடுத்து வைத்திருக்கவில்லை. அடுத்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிராமலே பதில் சொன்னார்.

"செவ்வாக்கெழம குடுத்துருங்க ஐயா. அன்னைக்கி நம்ம ஆளுங்க எவன் தலையில கை வைக்க விடுறான்? சும்மா தொறந்து வச்சு ஈ ஓட்டுறோம்."

உறுப்பினர் நாற்காலி குலுங்கச் சிரித்தார். மலாய் உறுப்பினரிடம் தாமே பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். விதி வெளிவந்தபோது, முடிவெட்டும் கடைகள் ஞாயிற்றுக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை மூடினால் போதும் என்றிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். என் நாற்காலியில் அமர்ந்த தோட்டத்துக்காரர் ஒருவர், மன்றத்தாரிடம் அப்படி என்னதான் பேசினாய் என்று கேட்டார். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, அவை வணக்கத்திலிருந்து தொடங்கினேன்.

"வெட்டுப்பா, ஆளு காத்துக்கிட்டு நிக்குது" என்றார் அண்ணன்.