சோலைவரி கட்டாதவர்களின் நூலகம்

இந்த ஊர் நூலகத்தில் குடை இரவல் கொடுக்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஸ்கொட்லாந்தில் நான் படிக்கும் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், புத்தகம் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே பச்சைக் குடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அட்டையை இயந்திரத்தில் காட்டினால் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். மடிக்கணினி தருகிறார்கள், சார்ஜர் தருகிறார்கள், வெளிச் சத்தம் விழாமலிருக்கக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவிகூடத் தருகிறார்கள். புத்தகமென்றால் ஒரே நேரத்தில் நாற்பது. தவணை முடிந்தால் நாம் போய் நிற்க வேண்டியதில்லை. வேறு யாரும் கேட்காதவரை அதுவாகவே புதுப்பித்துக்கொள்ளும். முதல் வாரம் இதையெல்லாம் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இரண்டு வருடமாகியும் அது தணியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அட்டை எடுக்கப் போன அன்று மேசையில் இருந்தவர் மொராக் என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கும். ஒரு சின்னப் படிவம் தந்தார். முகவரி கேட்ட இடத்தில் நான் என் அறை எண்ணை எழுதவில்லை. விடுதி மேலாளரின் பெயரை எழுதி, அவர் மூலமாக எனக்கு என்று எழுதினேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாக அப்படி எழுதியது. மொராக் அதைப் பார்த்துவிட்டு, “இவர் உங்கள் உறவினரா?” என்று கேட்டார். இல்லை, கடிதம் அவருக்கு வந்தால் எனக்குத் தருவார் என்றேன். “உங்களுக்கே வந்தால் என்ன?” என்றார். சிரித்துச் சமாளித்துவிட்டு, அடுத்து நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். எனக்காக யார் கையெழுத்துப் போட வேண்டும்?

“நீங்கள்தான்” என்றார்.

“அது சரி, எனக்காக யார்?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு உதவ இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். நான் இரண்டாவது பட்டத்துக்குப் படிக்க வந்தவள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக இன்னொருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணமே அவருடைய தலைக்குள் நுழையவில்லை. என் தலைக்குள் அது குடியிருந்தது.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயம் ஏழு, காம்பரா நாலு, அதாவது ஏழாவது வரிசை வீட்டில் நாலாவது அறை என்பது எங்களுக்குள் பேசிக்கொள்வது. அரசாங்கத் தாளில் அது முகவரியாக நிற்காது. எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், மறந்தால் மறந்ததுதான். உயர்தரம் சித்தியடைந்த என் அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு என்று ஒரு கடிதம் வந்தது. தேர்வு நடந்து ஒன்பது நாளைக்குப் பிறகு அது அவள் கையில் கிடைத்தது. “கொஞ்சம் பிந்திப்போச்சு புள்ள” என்றார் ஆபிஸ் கிளார்க். அந்தக் கொஞ்சத்தினால் அக்கா இன்றுவரை கொழுந்து எடுக்கிறாள்.

நூலகத்தின் கதையும் இதே கதைதான். பதுளைப் பக்கத்தில் ஒரு நகரம். பெயரைச் சொன்னால் அங்கே இருக்கும் நல்ல மனிதர்களுக்கும் பேச்சு வரும், அதனால் வேண்டாம். அந்த நகரத்து நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்க ஒரு பிணையாளி தேவை. பிணையாளி சோலைவரி கட்டுகிறவராக இருக்கவேண்டும், அதாவது நகர எல்லைக்குள் சொந்தமாகக் கட்டடம் உள்ளவர். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம், கூரைக்குக் கீழே உள்ள மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். நாங்கள் வரி கட்ட மறுத்தவர்களில்லை. எங்களிடம் வரி கேட்பதற்கு ஒரு செங்கல்லைக்கூட யாரும் எங்கள் பெயரில் எழுதிவைக்கவில்லை. முதலில் ஒன்றும் கொடுக்காமல் வைத்துவிட்டு, பிறகு ஒன்றும் இல்லாதவன் என்று கதவைச் சாத்துவதற்குப் பெயர் விதி.

பதினேழு வயதில் நான் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன். பள்ளிக்கூடத்து ஆசிரியர் கொழும்புக்காரர், அவர் கையெழுத்துச் செல்லாது. கடைசியில் அப்பா என்னை ஹனீபா நானாவின் புடவைக் கடைக்குக் கூட்டிப்போனார். தீபாவளிக்குத் துணி எடுப்பது தவிர எங்களுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அப்பா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கடைக்குள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானா படிவத்தை வாசிக்கவும் இல்லை. “புத்தகம் படிக்கத்தானே கேக்குது புள்ள. இதுக்கா இவ்வளவு தயங்குனீங்க?” என்று கையெழுத்துப் போட்டார். அவர் நல்ல மனிதர். ஆனால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. புத்தகம் வாசிக்க ஆசைப்பட்டது நான், கூனிக்குறுகி நின்றது அவர்.

அந்த அட்டையால்தான் நான் பல்கலைக்கழகம் வரை வந்தேன். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னோடு பஸ்ஸில் வந்த தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அட்டையில்லாமல் வெளியே நிற்க, நான் மட்டும் உள்ளே போய்வந்தேன். ஒரு பெரிய ஆளாகத்தான் உணர்ந்தேன். இந்த விதி ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என் அட்டையையும் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். என் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும்தான்.

இப்போது அக்காவின் மகள் தர்ஷினியின் முறை. உயர்தரப் பரீட்சையை இரண்டாவது தடவை எழுதப்போகிறாள், உயிரியல் பிரிவு. முதல் தடவை ஒரு பாடத்தில் தவறிவிட்டாள். இந்த முறையும் தவறினால் அவளைத் தைக்கிற தொழிற்சாலைக்கு அனுப்புவதாக அத்தான் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. காம்பரா ஒன்று, அதில் ஐந்து பேர், சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு குடும்பத்தின் தொலைக்காட்சி. நகரத்தில் டியூஷன் முடிந்ததும் தர்ஷினிக்கு மூன்று மணி நேரம் கிடைக்கிறது. மடுல்சீமை பஸ் அதற்குப் பிறகுதான். அந்த மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிக்க ஒரு மேசையும், வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு புத்தகமும் கிடைத்தால் அவள் கரையேறிவிடுவாள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

“லைப்ரரில நியூஸ் பேப்பர் மட்டும் பாக்கலாமாம் சித்தி” என்றாள் போனில். “சொந்தப் புத்தகம் உள்ள கொண்டுபோகக் கூடாதாம். அட்டை இருந்தாத்தான் பின்னால இருக்கிற படிக்கிற ரூமுக்கு விடுவாங்களாம். அட்டைக்குச் சோலைவரி கட்டுறவங்க கையெழுத்து வேணுமாம்.”

அதே படிவம். பதினான்கு வருடத்தில் தாளின் நிறம்கூட மாறவில்லையாம். ஹனீபா நானா காலமாகிவிட்டார். அவருடைய மகன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் வரிச் சிட்டை இன்னும் வாப்பாவின் பெயரில்தான் வருகிறது. பெயர் பொருந்தவில்லை என்று நூலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் இங்கிருந்து அழைத்துப் பேசினேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

“ரூல்ஸ் அப்படி இருக்குங்க மிஸ். நாங்க என்ன செய்றது? வேற யாராவது தெரிஞ்சவங்கள புடிச்சிட்டு வரச் சொல்லுங்க.”

“தோட்டத்துப் புள்ளைக்கு டவுன்ல யாருங்க தெரிஞ்சவங்க இருப்பாங்க?”

“அதுவும் சரிதாங்க” என்றார். ‘அதுவும் சரிதான்’ என்பதோடு அவருடைய பக்கம் முடிந்துவிட்டது. முயற்சி இருந்தால் எங்கேயும் படித்து முன்னேறலாம் என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாக்களில் மாலை போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் ஒருநாள் அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்க்கட்டும். எங்கள் தோட்டத்து ஆபிஸ் பலகையில் எழுதியிருக்கும் ஆங்கிலப் பெயர் இங்கே ஒரு சிற்றூரின் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய பஸ் தினமும் இந்த நூலகத்தைத் தாண்டித்தான் போகிறது. இங்கிருந்து ஒரு ஊரின் பெயர் மடுல்சீமைக்குப் போய் மலையைச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தது. மலையைத் திருத்தியவர்களின் பேத்திக்கு, இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு மேசை கிடைக்கவில்லை.

நான் புத்தகங்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன், பாடம் சொல்லித் தருகிறேன் என்றெல்லாம் ஆரம்பித்தேன். தர்ஷினி மறித்தாள்.

“நீங்க ஒன்னும் சொல்லித்தர வேணாம் சித்தி. எனக்குப் பாடம் வெளங்குது. பஸ் ஸ்டாண்ட்ல தனியா உக்காந்தா மனசு ஓட மாட்டேங்குது, வாரவங்க போறவங்க எல்லாம் ஒரு மாதிரி பாக்குறாங்க. நீங்க போன்ல முன்னுக்கு இருந்து சும்மா உங்க வேலையப் பாருங்க. எதிர்ல ஒரு ஆளு படிச்சுக்கிட்டு இருந்தா எனக்கும் படிக்க வரும்.”

நூலகம் கொடுக்காததை அவள் தானே கண்டுபிடித்துக் கேட்டாள். அவளுக்குப் பிற்பகல் இரண்டரை என்றால் எனக்குக் காலை ஒன்பது. எங்கள் நூலகத்தில் பேசிப் படிப்பதற்கென்று கண்ணாடி அறைகள் இருக்கின்றன, முன்பதிவு செய்யலாம். ஒரேயொரு நிபந்தனை, குறைந்தது இரண்டு பேர் இருக்கவேண்டும். இரண்டாவது ஆளின் பெயருக்கு ‘தர்ஷினி’ என்று எழுதினேன். மாணவர் இலக்கம் கேட்டது. என் இலக்கத்தையே மறுபடி போட்டேன். இயந்திரம் அதை ஏற்றுக்கொண்டது. மனிதர்கள் உட்கார்ந்த மேசையில் இப்படியொன்று நடந்திருக்காது.

இப்படித்தான் ஏழு வாரம் போனது. போனை ஒரு தடித்த புத்தகத்தின் மேல் சாய்த்து எதிர் நாற்காலிக்கு நேரே வைப்பேன். அவள் பஸ் நிலையத்துச் சீமெந்து இருக்கையின் மூலையில், புத்தகப்பையை மேசையாக மடியில் வைத்துக்கொண்டு எழுதுவாள். நான் என் ஆய்வைத் தட்டுவேன். பெரும்பாலும் பேச்சே இருக்காது. பஸ் ஹோர்ன் அடிக்கும், லொத்தர்ச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி கத்தும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், நான் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிவாள். அவள் பார்க்கும்போது நான் சும்மா இருந்துவிடக் கூடாதே என்று நானும் ஒழுங்காகப் படித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். மொராக். அறை கிடைக்காத மாணவர்கள் முறையிட்டிருக்கிறார்கள், ஒரு பெண் தினமும் தனியாக ஒரு குழு அறையைப் பிடித்துக்கொள்கிறாள் என்று.

“மன்னிக்கவேண்டும், இது இரண்டு பேருக்கு மேல் உள்ளவர்களுக்கான அறை.”

“இரண்டு பேர் இருக்கிறோம்” என்றேன்.

அவர் காலியான நாற்காலியைப் பார்த்தார். நான் போனைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். தர்ஷினி எழுதிக்கொண்டிருந்தாள், எங்களைக் கவனிக்கவில்லை.

“இந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?”

“பஸ் நிலையத்தில்.”

“அவ்வளவு சத்தத்திலா? ஏன் ஒரு நூலகத்துக்குப் போகக்கூடாது?”

தர்ஷினியின் தோளுக்குப் பின்னால், தெருவைத் தாண்டி, மஞ்சள் சுவரும் மூன்று மொழியில் எழுதிய பலகையும் தெளிவாகத் தெரிந்தன. அதை விரலால் தொட்டுக் காட்டினேன். “அதுதான் நூலகம்.”

“பூட்டியிருக்கிறதா?”

“இல்லை, திறந்திருக்கிறது.”

மொராக் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அவருக்குப் புரியவைக்க எனக்கு ஆங்கிலம் போதும். ஆனால் எங்கிருந்து தொடங்குவது? லயத்துக்கு முகவரி இல்லாததிலிருந்தா, பிந்திவந்த கடிதத்திலிருந்தா, அப்பா கையைக் கட்டியதிலிருந்தா? வெட்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. செய்தவர்களுக்கு வரவேண்டிய வெட்கம் ஏன் எனக்கு வரவேண்டும் என்று அதன் மேலும் கோபம் வந்தது. “அது அவளுக்கான நூலகம் இல்லை” என்று மட்டும் சொன்னேன். நான் ஏதோ ஆங்கிலத்தில் தவறவிட்டுவிட்டதாக நினைத்து அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கையிலிருந்த முறைப்பாட்டுத் தாளில் எதையோ எழுதினார். ‘இருவர்’ என்று எழுதியதை வாசிக்க முடிந்தது. சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

“யாரு சித்தி அது? என்னவாம்?” தர்ஷினி நிமிர்ந்து கேட்டாள்.

“இந்த ரூம்ல ரெண்டு பேரு இருக்கணுமாம்.”

“அதான் இருக்கோமே” என்றுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

அப்போதே மடுல்சீமை பஸ் உள்ளே வந்துவிட்டது. அன்றைக்கு முந்தி வந்தது. இடம் பிடிக்க அவள் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். திரையில் சீமெந்துத் தரை, யாருடையவோ கால்கள், ஒரு கணம் அந்த மஞ்சள் சுவர், அதன் வாசலில் கக்கத்தில் புத்தகத்தோடு இறங்கிவரும் ஒரு பெண்பிள்ளை. பிறகு பஸ்ஸின் படி. “போறேன் சித்தி” என்றாள். திரை அணைந்தது. எனக்கு எதிரே நாற்காலி மேசையோடு ஒட்டியபடி இருந்தது. கண்ணாடிக்கு வெளியே இரண்டு மாணவர்கள் அறை எப்போது காலியாகுமென்று நின்றார்கள். கதவோரத் திரையில் இன்னும் நாற்பது நிமிடத்துக்கு அந்த அறை எங்கள் இருவருடைய பெயரிலும் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.